யாரிடம் ஒப்படைப்பது? ஸ்பானியப் பேரரசின் கடைசி அதிகாரிகள்

ஹோசே கோப்பிங்கர் என்ற ராணுவ அதிகாரி ஸ்பெயினின் கொடியை இரண்டு முறை இறக்கினார். முதல் முறை 1821 ஜூலை 10 அன்று, செயின்ட் அகஸ்டின் கோட்டையில். கிழக்கு ஃபுளோரிடாவின் கடைசி ஸ்பானிய ஆளுநர் அவர். மாட்ரிட்டும் வாஷிங்டனும் 1819இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஃபுளோரிடா அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குப் போயிற்று. கோப்பிங்கர் செய்யவேண்டியிருந்ததெல்லாம் வந்த அதிகாரியிடம் பொறுப்பை முறைப்படி ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவதுதான். இரண்டாம் முறை 1825 நவம்பரில், மெக்ஸிகோவின் வெராகுருஸ் துறைமுகத்துக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் ஸான் ஹுவான் தெ உலூவா கோட்டையில். மெக்ஸிகோ சுதந்திரம் பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியும் அந்தக் கோட்டையில் மட்டும் ஸ்பானியக் கொடி பறந்துகொண்டிருந்தது. மெக்ஸிகோவின் புதிய கடற்படை முற்றுகையிட்டது. ஸ்கர்வி நோயால் வீரர்கள் மடிந்தார்கள், உணவு தீர்ந்தது, ஹவானாவிலிருந்து உதவி வந்து சேரவில்லை. கோப்பிங்கர் சரணடைந்தார்.

ஃபுளோரிடாவில் மூன்றாவது வல்லரசு ஒன்றிடம் சொத்து கைமாறியது. அங்கே வாழ்ந்த செமினோல் மக்களை எவரும் கேட்கவில்லை. உலூவாவில் தோற்றவர், தம்மைத் தோற்கடித்த மண்ணின் மக்களிடமே கோட்டைச் சாவியைக் கொடுத்தார். ஸ்பானியப் பேரரசின் முடிவு ஒரே நாளில் நேர்ந்ததல்ல. 1821இல் மெக்ஸிகோ, 1824இல் பெரு, 1898இல் கியூபாவும் பிலிப்பைன்ஸும், 1976இல் மேற்கு சஹாரா என ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது அது. அந்த நெடிய முடிவு முழுவதிலும் இந்த இரண்டு வகைகளும் மாறிமாறி வருகின்றன. கடைசி அதிகாரி யாரிடம் ஒப்படைத்தார் என்று பார்த்தால், அந்த ஆட்சி தன் குடிமக்களை என்னவாக மதித்தது என்பது புலப்படும். வீரம், துரோகம், மானம் என்ற அளவுகோல்களால் இவர்களை அளந்த வரலாறுகள் ஏராளம். இந்தக் கேள்வியைக் கேட்டவை குறைவு.

ஸ்பானியக் காலனி நிர்வாகம் காகிதத்தில் உயிர்வாழ்ந்த நிர்வாகம். ஒவ்வோர் அதிகாரியும் பதவிக்காலம் முடிந்ததும் தன் மீதான புகார்களைக் கேட்கும் விசாரணைக்கு உட்படவேண்டும் என்ற முறை நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அடுத்து வருபவர் கணக்குகளைச் சரிபார்ப்பார், குடிகள் முறையிடுவார்கள், நீதிபதி தீர்ப்பெழுதுவார். இத்தனை நுணுக்கமான சட்டத்தில் ஒன்றுக்கு மட்டும் வழி சொல்லப்படவில்லை: அடுத்து வருபவர் என்று ஒருவரே இல்லாவிட்டால் என்ன செய்வது? காப்பதற்கு அதிகாரம் உண்டு, கொடுத்துவிட அதிகாரம் கிடையாது. இந்த நிலையில்தான் ஒவ்வொரு கடைசி அதிகாரியும் தன்னந்தனியாகப் பேனாவைக் கையில் எடுத்தார்.

ஹுவான் ஓதோனோஹூவின் கதை இதற்குக் கச்சிதமான சான்று. செவில்லில் பிறந்தவர், அயர்லாந்து வம்சாவளி, தாராளவாதி. 1820இல் அமெரிக்கக் கண்டத்துக்கு அனுப்பப்படவிருந்த படையே ஸ்பெயினில் கலகம் செய்து, 1812ஆம் ஆண்டு அரசியலமைப்பை மன்னர் ஏழாம் ஃபெர்னாண்டோவின் தொண்டையில் திணித்தது. அந்த அரசியலமைப்பில் வைஸ்ராய் என்ற பதவியே இல்லை. ஆகவே ஓதோனோஹூ மெக்ஸிகோவுக்கு வந்தது உயர் அரசியல் தலைவர் என்ற புதுப் பட்டத்துடன். வெராகுருஸில் அவர் இறங்கும்போது நிலைமை இதுதான்: முந்தைய வைஸ்ராய் ஹுவான் ரூயிஸ் தெ அபோதாகாவைத் தலைநகரின் ஸ்பானியப் படையினரே ஜூலை 5 அன்று பதவியிலிருந்து இறக்கியிருந்தார்கள். நாட்டின் பெரும்பகுதி அகுஸ்தின் தெ இதுர்பிதே என்ற முன்னாள் அரச விசுவாசப் படைத்தளபதியின் கையில் இருந்தது. அரசின் வசம் எஞ்சியவை தலைநகரும் வெராகுருஸும் இன்னும் ஓரிரு கோட்டைகளும்தான். துறைமுகத்தில் மஞ்சள் காய்ச்சல் வேறு. உடன் வந்தவர்கள் கண்ணெதிரே இறந்துகொண்டிருந்தார்கள்.

1821 ஆகஸ்ட் 24 அன்று கோர்தோபா நகரில் அவர் இதுர்பிதேயுடன் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். மெக்ஸிகோ தனிப் பேரரசு, அதன் அரியணை முதலில் ஃபெர்னாண்டோவுக்கு, அவர் மறுத்தால் அவருடைய குடும்பத்தாருக்கு, அவர்களும் வராவிட்டால் மெக்ஸிகோ நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பவருக்கு. இந்தக் கடைசி வரியை வைத்துத்தான் அடுத்த ஆண்டு இதுர்பிதே தாமே முடிசூடிக்கொண்டார். இப்படியோர் ஆவணத்தில் கையெழுத்திட ஓதோனோஹூவுக்கு அதிகாரம் எதுவும் இல்லை. அவருக்கு அது தெரியும். இழந்துவிட்ட நாட்டில் மன்னர் குடும்பத்துக்கு ஓர் இருக்கையையாவது மிச்சப்படுத்தலாம் என்பது அவருடைய கணக்கு. செப்டம்பர் 27 அன்று வெற்றிப்படை தலைநகருக்குள் நுழைந்தது. அடுத்த நாள் எழுதப்பட்ட சுதந்திரப் பிரகடனத்தில் அவர் பெயருக்கு இடம் விடப்பட்டிருந்தது. நோய் காரணமாக அவர் கையெழுத்து அதில் விழவில்லை. அக்டோபர் 8 அன்று இறந்தார். மெக்ஸிகோ நகரப் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1822 பிப்ரவரியில் ஸ்பானிய நாடாளுமன்றம் அந்த உடன்படிக்கை செல்லாது என்று அறிவித்தது. ஸ்பெயின் மெக்ஸிகோவை அங்கீகரித்தது 1836 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் கொட்டிய ரத்தத்தையும் செலவழித்த பணத்தையும் பார்க்கும்போது, செல்லாத கையெழுத்தைப் போட்டவர்தான் அந்தக் காலத்து ஸ்பானிய அதிகாரிகளில் கணக்குத் தெரிந்தவர் என்று சொல்லத் தோன்றுகிறது. மெக்ஸிகோவின் வரலாற்று நூல்களில் அவருக்கு மரியாதை உண்டு. ஸ்பெயினில் அவர் நெடுநாள் துரோகி.

பெருவில் இதே நாடகம் வேறு விதமாக நடந்தது. அங்கேயும் முதலில் ஒரு கவிழ்ப்பு. 1821 ஜனவரி 29 அன்று லிமாவுக்கு அருகே அஸ்னாபூகியோ முகாமில் இருந்த அதிகாரிகள், வைஸ்ராய் பெசுவேலாவை இறங்கச் சொல்லிவிட்டு ஜெனரல் ஹோசே தெ லா செர்னாவை அமர்த்தினார்கள். பேரரசின் சட்டத்தைக் காக்கிறோம் என்றவர்கள் முதலில் உடைத்தது அந்தச் சட்டத்தைத்தான். மெக்ஸிகோவில் ஐந்து மாதங்கள் கழித்து நடந்ததும் இதே. சாகும் ஆட்சிகளின் கடைசி அதிகாரிகள் பெரும்பாலும் முறைப்படி நியமிக்கப்பட்டவர்கள் அல்லர். முறைப்படி நியமிக்கப்பட்டவரை விலக்கிவிட்டு வந்தவர்கள். 

ஜூன் 2 அன்று லிமாவுக்கு வெளியே புன்சௌக்கா பண்ணையில் லா செர்னாவும் விடுதலைப் படையின் தலைவர் ஸான் மார்த்தினும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். ஸான் மார்த்தின் இருபதாண்டுக் காலம் ஸ்பானியப் படையில் பணியாற்றியவர், நெப்போலியனுக்கு எதிரான போரில் ஸ்பெயினுக்காகப் போரிட்டவர். பெரு சுதந்திர நாடாகட்டும், ஸ்பானிய இளவரசர் ஒருவர் வந்து ஆளட்டும், அதுவரை லா செர்னாவே ஆட்சிக்குழுவுக்குத் தலைமை தாங்கட்டும் என்று அவர் முன்வைத்தார். எதிரியிடம் ஆட்சிப் பொறுப்பையே நீட்டுவது! லா செர்னாவின் தளபதிகள் ஒப்பவில்லை. ஜூலையில் லா செர்னா லிமாவைக் கைவிட்டு மலையேறினார். பழைய இன்காக்களின் கூஸ்கோ, கடைசி வைஸ்ராயின் தலைநகரானது.

அங்கிருந்து மூன்று ஆண்டுகள் அவர் தாக்குப்பிடித்தார். ஸ்பெயினிலிருந்து படை வரவில்லை, பணம் வரவில்லை. அவருடைய படையில் ஐரோப்பியர்கள் சிறுபான்மை; பெரும்பாலோர் கெச்சுவா, அய்மாரா மொழி பேசும் மலைவாழ் மக்கள், பலர் கட்டாயமாகப் பிடித்துவரப்பட்டவர்கள். போதாக்குறைக்கு 1824இன் தொடக்கத்தில் மேல் பெருவில், அதாவது இன்றைய பொலிவியாவில், தளபதி ஒலான்யேத்தா தனிக்கொடி பிடித்தார். ஸ்பெயினில் மன்னர் அரசியலமைப்பைத் தூக்கியெறிந்துவிட்டார், லா செர்னாவோ தாராளவாதி, நானே மன்னரின் உண்மை ஊழியன் என்பது அவர் வாதம். வைஸ்ராயின் படையில் ஒரு பகுதி இவரோடு மோதுவதிலேயே தேய்ந்தது. 1825 ஏப்ரலில் துமுஸ்லாவில் சொந்தப் படையினரின் கலகத்தில் காயம்பட்டு ஒலான்யேத்தா இறந்தார். மே 27 அன்று ஏழாம் ஃபெர்னாண்டோ அவரை ரியோ தெ லா பிளாத்தாவின் வைஸ்ராயாக நியமித்துக் கையெழுத்திட்டார். செத்துப்போன ஒருவருக்கு, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டுப்போன ஒரு நாட்டின் ஆட்சி! ஆணை எழுதிய எழுத்தர் அதை எவ்வளவு அழகாக எழுதியிருப்பார் என்று நினைத்துப்பார்க்காமல் இருக்க முடியவில்லை.

1824 டிசம்பர் 9, அயகூச்சோ. போர் தொடங்குமுன் ஸ்பானியத் தரப்பின் ஜெனரல் மொனேத் எதிர்வரிசைக்கு வந்து, இரு படைகளிலும் சகோதரர்களும் உறவினர்களும் நண்பர்களும் இருக்கிறார்கள், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று கேட்டார். இரு தரப்பு அதிகாரிகளும் ஆயுதங்களை விட்டுவிட்டு நடுவெளியில் வந்து தழுவிக்கொண்டார்கள். பிறகு திரும்பிப் போய்ச் சண்டையிட்டார்கள். பிற்பகலுக்குள் முடிந்துவிட்டது. காயமடைந்த லா செர்னா சிறைபிடிக்கப்பட்டார். தலைவர் கைதியாகிவிட்டதால் அடுத்த நிலையில் இருந்த கந்தெராக், விடுதலைப் படையின் தளபதி சுக்ரேயுடன் சரணடைவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஸ்பெயினுக்குத் திரும்ப விரும்புவோருக்குப் பயணச் செலவைப் பெரு அரசே தரும், புறப்படும்வரை பாதிச் சம்பளம் உண்டு, தங்க விரும்புவோர் தம் பதவி நிலையிலேயே பெருவின் படையில் சேரலாம். தோற்றவர்களுக்கு இவ்வளவு தாராளமான விதிகளைத் தந்த ஒப்பந்தங்கள் அந்தக் காலத்தில் அரிது. இரு தரப்பு அதிகாரிகளும் ஒரே வர்க்கம், ஒரே மொழி, ஒரே மதம், சில வேளை ஒரே குடும்பம். கெச்சுவா வீரர்களைப் பற்றி ஒப்பந்தத்தின் இரு தரப்புக்கும் பெரிய அக்கறை எதுவும் இல்லை.

அரெகிப்பாவில் பிறந்த பீயோ திரிஸ்தானின் வாழ்க்கை இந்த நெருக்கத்தைப் பளிச்செனக் காட்டுகிறது. அயகூச்சோவுக்குப் பின் எஞ்சிய ஸ்பானிய நிர்வாகம் இவரை இடைக்கால வைஸ்ராய் என்று அறிவித்தது. சில நாட்களில் பதவியை விட்டு ஒதுங்கினார், நாட்டைவிட்டுப் போகவில்லை. 1838இல் பெரு-பொலிவியக் கூட்டமைப்பில் தென் பெருவின் குடியரசுத் தலைவரானார்! இடைக்கால வைஸ்ராய், பிறகு குடியரசுத் தலைவர். வீடும் நிலமும் அப்படியே. பாரிஸிலிருந்து சொத்தில் பங்கு கேட்டு வந்த அண்ணன் மகளுக்கு மட்டும் அவர் பரம்பரை உரிமையைத் தர மறுத்தார். அந்தப் பெண்தான் பின்னாளில் பெண்விடுதலைக்கும் தொழிலாளர் ஒற்றுமைக்கும் குரல்கொடுத்த ஃப்ளோரா திரிஸ்தான், ஓவியர் பால் கோகானின் பாட்டி.

சரணடைய மறுத்தவர்களும் உண்டு. கயாவோ துறைமுகத்தின் ரெயால் ஃபெலிப்பே கோட்டையில் இருந்த ஹோசே ரமோன் ரொதில், அயகூச்சோ ஒப்பந்தம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்றார். 1826 ஜனவரி வரை ஓராண்டுக்கு மேல் நின்றார். கோட்டைக்குள் தஞ்சம் புகுந்த லிமாவின் மேட்டுக்குடியினர் பசியிலும் ஸ்கர்வியிலும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். குடியரசின் தலைவராக இருந்து பின் ஸ்பானியர் பக்கம் சாய்ந்த தோர்ரே தாக்லே பிரபுவும் அங்கேயே இறந்தார். சதி செய்தார்கள் என்று சந்தேகப்பட்டவர்களை ரொதில் சுட்டுக்கொன்றார். அதே மாதம் சிலியின் தெற்கே சிலோயே தீவில் ஆளுநர் கின்தானில்யாவும் சரணடைந்தார். தென் அமெரிக்காவில் ஸ்பெயினின் கடைசிக் காலடிகள் இவை இரண்டும்.

தோற்றுத் திரும்பியவர்கள் ஸ்பெயினில் என்ன ஆனார்கள்? லா செர்னா ஆண்டிஸ் பிரபு என்ற பட்டம் பெற்றார். கந்தெராக் 1835இல் மாட்ரிட்டின் நடுமையத்தில் ஒரு படைக்கலகத்தை அடக்கப் போய்ச் சுடப்பட்டு இறந்தார். பெருவில் போரிட்ட மற்றொரு தளபதி வால்தெஸ் கியூபாவின் கேப்டன் ஜெனரல் ஆனார். பெருவில் சேர்ந்து போரிட்ட எஸ்பார்தெரோவும் மரோத்தோவும் கார்லிஸ்ட் உள்நாட்டுப் போரில் எதிரெதிர் தரப்பில் நின்று, 1839இல் வெர்காராவில் தழுவிக்கொண்டு போரை முடித்தார்கள். எஸ்பார்தெரோ நாட்டின் ஆட்சிப் பிரதிநிதியானார், ரொதில் 1842இல் பிரதமரானார். எதிரிகள் இந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயர் அயகூச்சோக்கள். எஸ்பார்தெரோ அந்தப் போர்க்களத்தில் இருக்கவே இல்லை, ஸ்பெயினுக்குப் போனவர் இன்னும் பெருவுக்குத் திரும்பியிருக்கவில்லை என்பது வேறு விஷயம். ஒரு கண்டத்தையே இழந்தவர்கள் தாய்நாட்டை ஆண்டார்கள். ராணுவமே அரசியலைத் தீர்மானிக்கும் பழக்கம் அஸ்னாபூகியோ முகாமில் பயின்றதுதானோ என்று சந்தேகிக்க இடமுண்டு.

இதன் பிறகு ஸ்பெயினுக்கு மிஞ்சியவை தீவுகள்: கியூபா, போர்த்தோ ரிகோ, பிலிப்பைன்ஸ், பசிபிக்கில் சிதறிய சில. எழுபது ஆண்டுகள் கழித்து இவற்றின் முறை வந்தபோது எல்லாம் மாறியிருந்தது.

1898 ஜூன் 20 அன்று குவாம் தீவில் நடந்தது கேலிச்சித்திரம் போன்றது. அமெரிக்கப் போர்க்கப்பல் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குள் வந்து பழைய கோட்டையை நோக்கிப் பதின்மூன்று குண்டுகள் சுட்டது. கரையிலிருந்து வந்த ஸ்பானிய அதிகாரிகள் அதை மரியாதை வேட்டு என்று நினைத்து, பதில் வேட்டுப் போட வெடிமருந்து இல்லை என்று வருத்தம் தெரிவித்தார்கள். போர் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன, அவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. ஆளுநர் ஹுவான் மரீனாவைக் கப்பலுக்கு வரச்சொன்னபோது, அந்நியப் போர்க்கப்பலில் ஏற விதிகள் அனுமதிக்கவில்லை, நீங்கள் கரைக்கு வாருங்கள் என்று பதில் எழுதினார். மறுநாள் கைதியாகி அதே கப்பலில் மணிலாவுக்குப் போனார்.

மணிலாவில் நடந்ததில் சிரிக்க எதுவும் இல்லை. எமிலியோ அகினால்டோ ஜூன் 12 அன்று பிலிப்பைன்ஸின் சுதந்திரத்தை அறிவித்திருந்தார். அவருடைய படை மணிலாவைச் சுற்றிப் பதுங்குகுழிகள் வெட்டி, குடிநீரைத் தடுத்து, மதிலுக்குள் இருந்த ஸ்பானியரை மூச்சுத் திணறவைத்திருந்தது. கடலில் அமெரிக்கத் தளபதி டூயியின் கப்பல்கள். கவர்னர் ஜெனரல் பசிலியோ அகுஸ்தின் நிலைமை கைமீறிவிட்டது என்று மாட்ரிட்டுக்கு எழுதியதால் பதவி இழந்தார். அடுத்து வந்தவர் ஃபெர்மின் ஹவுதெனெஸ். அவருக்கு இரண்டு அச்சங்கள். சண்டையிடாமல் நகரத்தைக் கொடுத்தால் ஸ்பெயினின் ராணுவ நீதிமன்றம் காத்திருக்கிறது. சண்டையிட்டால் நகருக்குள் நுழையப்போவது பிலிப்பினோக்கள். பெல்ஜிய கான்சல் எத்வார் ஆந்த்ரே இடையில் ஓடியாடி ஓர் ஏற்பாட்டைச் செய்தார்: அமெரிக்கர்கள் பெயரளவுக்குச் சுடுவார்கள், ஸ்பானியர்கள் பெயரளவுக்கு எதிர்ப்பார்கள், பிறகு வெள்ளைக்கொடி. பிலிப்பினோ படையை உள்ளே விடக்கூடாது, இதுதான் உயிரான நிபந்தனை. ஆகஸ்ட் 13 அன்று அந்தப் போர் நடத்தப்பட்டது. நாடகம் என்று தெரியாத சிலர் இரு தரப்பிலும் உண்மையாகவே செத்தார்கள். வாஷிங்டனில் போர்நிறுத்த உடன்பாடு அதற்குச் சில மணி நேரம் முன்பே கையெழுத்தாகியிருந்தது. தந்திக் கம்பி மே மாதமே அறுக்கப்பட்டுவிட்டதால் மணிலாவுக்கு அது தெரியவந்தது ஆகஸ்ட் 16இல்.

மணிலாவுக்கு இது முதல் அனுபவமல்ல. 1762இல் சென்னையிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் படை, அதில் இங்கிருந்து போன சிப்பாய்களும் உண்டு, அந்நகரைப் பிடித்தது. தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்த பேராயர் ரோஹோ சரணடைந்து, நாற்பது லட்சம் பெஸோ மீட்புப் பணம் தருவதாகவும் கையெழுத்திட்டார். சிமோன் தெ அந்தா என்ற நீதிபதி, கைதியின் கையெழுத்து ராஜ்யத்தைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி நகருக்கு வெளியே போட்டி அரசாங்கம் நடத்தினார். 1764இல் ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்தபோது நகரை ஏற்றுக்கொண்டவர் அவரே. சிப்பாய்களில் சிலர் மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா பகுதியில் தங்கிவிட்டார்கள் என்பது அவ்வூர் மரபு.

1898க்கு அந்தாக்கள் தேவைப்படவில்லை. பாரிஸில் டிசம்பர் 10 அன்று ஸ்பெயினும் அமெரிக்காவும் உடன்படிக்கை செய்தன. இரண்டு கோடி டாலருக்குப் பிலிப்பைன்ஸ் கைமாறியது. பிலிப்பைன்ஸ் சார்பில் பாரிஸுக்குப் போயிருந்த ஃபெலிப்பே அகோன்சில்யோவை உள்ளே அனுமதிக்கவில்லை. கியூபர் ஒருவரும் மேசையில் இல்லை. கியூபாவில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்டது கியூப விடுதலைப் படை. ஸ்பெயின் இரண்டு லட்சம் வீரர்களைக் கொண்டுவந்து குவித்தும், கேப்டன் ஜெனரல் வெய்லர் கிராமத்து மக்களை முகாம்களில் அடைத்துப் பட்டினிபோட்டும் அதை ஒழிக்க முடியவில்லை. ஆனால் ஜூலையில் சாந்தியாகோ நகரின் தளபதி தொரால் சரணடைந்தது அமெரிக்கரிடம். பக்கத்தில் நின்று போரிட்ட கலிக்ஸ்தோ கார்சியாவின் படை நகருக்குள் நுழையவே தடை. 1899 ஜனவரி 1 அன்று ஹவானாவில் கடைசி கேப்டன் ஜெனரல் அதோல்ஃபோ ஹிமேனெஸ் கஸ்தெயானோஸ் தீவை ஒப்படைத்தார். பெற்றுக்கொண்டவர் அமெரிக்க ஜெனரல் ஜான் புரூக். இதே புரூக்தான் முந்தைய அக்டோபர் 18இல் போர்த்தோ ரிகோவையும் பெற்றுக்கொண்டவர். கியூபப் படையின் வெற்றி அணிவகுப்புக்கு அன்று அனுமதி இல்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, கொலம்பஸுடையவை என்று நம்பப்பட்ட எலும்புகளை ஸ்பானியர்கள் ஹவானா பேராலயத்திலிருந்து எடுத்துச் சென்றார்கள். ஏற்றிச்சென்ற போர்க்கப்பலின் பெயர் கொந்தே தெல் வெனாதித்தோ. அது மெக்ஸிகோவில் சொந்தப் படையினராலேயே இறக்கப்பட்ட அபோதாகாவின் பிரபுப் பட்டம்.

1821க்கும் 1898க்கும் இடையே மாறியது என்ன? படைபலக் கணக்கு மாறியது உண்மை. அருகில் அமெரிக்கா என்ற வல்லரசு எழுந்திருந்தது. அது மட்டும் போதிய விளக்கமாகாது. ஓதோனோஹூவுக்கு இதுர்பிதே தம்மைப் போன்ற ஒரு மனிதர். லா செர்னாவுக்கு ஸான் மார்த்தினும் அப்படியே. இதுர்பிதேயும் ஸான் மார்த்தினும் கிரியோல்கள், அமெரிக்கக் கண்டத்து மண்ணில் பிறந்த ஸ்பானிய வம்சாவளியினர். ஹவுதெனெஸுக்கு அகினால்டோ அப்படித் தோன்றவில்லை. கறுப்பினத்தவர் பெருமளவில் இருந்த கியூபப் படையும் ஹவானாவின் ஸ்பானிய அதிகாரிகளுக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்பதில் அவர்களுக்கு ஆட்சேபணை குறைவு. யாரிடம் தோற்பது என்பதில்தான் மானம் இருந்தது. இந்த மனநிலையை அமெரிக்கத் தளபதிகளும் முழுமையாகப் பகிர்ந்துகொண்டார்கள், அதனால்தான் ரகசிய ஏற்பாடு அவ்வளவு எளிதாக முடிந்தது. 1899 பிப்ரவரி 4 அன்று மணிலாவின் புறநகரில் அமெரிக்கர்களுக்கும் பிலிப்பினோக்களுக்கும் வெடித்த போரின் விதை அந்த ஆகஸ்ட் காலையில் ஊன்றப்பட்டது.

இதற்கிடையே பிலிப்பைன்ஸின் பலேர் என்ற கடலோரச் சிற்றூரில், தேவாலயம் ஒன்றுக்குள் அடைபட்ட ஐம்பது சொச்சம் ஸ்பானிய வீரர்கள் 337 நாட்கள் முற்றுகையைத் தாங்கினார்கள். போர் முடிந்தது, நாடே கைமாறியது என்று சொல்லப்பட்ட எதையும் தளபதி மார்த்தின் செரெசோ நம்பவில்லை. ஸ்பானிய அதிகாரியே நேரில் வந்து சொன்னபோதும் நம்பவில்லை. அந்த அதிகாரி விட்டுப்போன செய்தித்தாளில், தம் நண்பர் ஒருவர் மலாகாவுக்கு மாற்றலாகிறார் என்ற சிறு குறிப்பைப் பார்த்த பிறகே தாள் போலியல்ல என்று தெளிந்தார். 1899 ஜூன் 2 அன்று சரணடைந்தது பிலிப்பினோக்களிடம். அவர்களைக் கைதிகளாக அல்ல, நண்பர்களாக நடத்தவேண்டும் என்று அகினால்டோ ஆணையிட்டார். ஸ்பெயின் இந்த வீரர்களைக் கொண்டாடித் தீர்த்தது. சரணடைவதற்கு முந்தைய நாள் செரெசோ தம் வீரர்கள் இருவரைத் தப்பியோட முயன்ற குற்றத்துக்காகச் சுட்டுக்கொன்றதைக் கொண்டாட்டங்கள் பெரிதாக நினைவுகூர்வதில்லை. 1898-99இல் பிலிப்பினோக்களிடம் ஒப்படைத்த ஸ்பானிய அதிகாரிகளைத் தேடினால், பெரும் பதவிக்காரர்கள் அரிதாகவே அகப்படுவார்கள். பெரும்பாலும் அகப்படுபவர்கள் இப்படிச் சிற்றூர்களில் மாட்டிக்கொண்ட இளநிலை அதிகாரிகள்.

தீவுகள் போன பிறகு ஸ்பெயினுக்கு ஆப்பிரிக்காவில் எஞ்சியவற்றுள், மண்ணின் மக்களிடமே ஒப்படைத்ததில் பூமத்தியரேகை கினி ஒரு விதிவிலக்கு. ஐநாவின் அழுத்தத்தில் வாக்கெடுப்பும் தேர்தலும் நடந்து, 1968 அக்டோபர் 12 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் மசியாஸ் எங்குவேமாவிடம் ஆட்சி கொடுக்கப்பட்டது. அவர் கொடுங்கோலரானது வேறொரு துயரக் கதை. மேற்கு சஹாராவில் ஸ்பெயின் பழைய வழிக்கே திரும்பியது. சஹ்ராவி மக்களின் எதிர்காலத்தை அவர்களே வாக்கெடுப்பில் தீர்மானிக்கலாம் என்று வாக்குறுதி இருந்தது. 1974இல் அதற்காகக் குடிக்கணக்கும் எடுத்தார்கள்: 73,497 பேர். 1975 அக்டோபர் 16 அன்று சர்வதேச நீதிமன்றம், மொராக்கோவுக்கோ மொரித்தானியாவுக்கோ அந்நிலத்தின் மேல் இறையாண்மை உறவு நிறுவப்படவில்லை என்று கருத்துரைத்தது. மூன்றே வாரத்தில் மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் லட்சக்கணக்கான குடிமக்களை எல்லைக்கு நடத்தி அனுப்பினார். சர்வாதிகாரி ஃபிராங்கோ மரணப்படுக்கையில் இருந்தார். நவம்பர் 14 அன்று மாட்ரிட்டில் ஸ்பெயின், மொராக்கோ, மொரித்தானியா மூன்றும் ஒப்பந்தம் செய்தன. சஹ்ராவிகள் அறையில் இல்லை.

கடைசி கவர்னர் ஜெனரல் கோமெஸ் தெ சலசார், எல்லையில் கண்ணிவெடி புதைத்து மொராக்கோவைத் தடுக்கத் தயாராக இருந்த படையின் தலைவர். மாட்ரிட் முடிவெடுத்ததும் அதே படையை வைத்து வெளியேற்றத்தை நடத்தினார். படைகள், பொருட்கள், கல்லறைகளிலிருந்து தோண்டியெடுத்த இறந்தோர் எச்சங்கள்கூடக் கேனரி தீவுகளுக்குக் கப்பலேறின. பழங்குடித் தலைவர்களின் பேரவை இரண்டாகப் பிளந்தது. 102 உறுப்பினர்களில் 67 பேர் நவம்பர் 28 அன்று கெல்தா செம்மூரில் கூடிப் பேரவையையே கலைத்துவிட்டுப் பொலிசாரியோ விடுதலை இயக்கத்தை ஆதரித்தார்கள். மிச்சமிருந்தவர்களைக் கூட்டி 1976 பிப்ரவரி 26 அன்று எல் ஆயூனில் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் பெறப்பட்டது. இதை மக்களின் கருத்தறிந்ததாக ஐநா ஏற்கவில்லை.

அதே பிப்ரவரி 26 அன்று ஸ்பெயின், சஹாராவின் நிர்வாகம் தொடர்பான எந்தச் சர்வதேசப் பொறுப்பும் இனித் தனக்கு இல்லை என்று ஐநா பொதுச்செயலாளருக்குக் கடிதம் அனுப்பியது. மாட்ரிட் ஒப்பந்தம் இறையாண்மையை யாருக்கும் மாற்றித் தரவில்லை, ஸ்பெயின் ஒருதலையாக அப்படி மாற்றித் தரவும் முடியாது என்று 2002இல் ஐநாவின் சட்டப்பிரிவு கருத்து எழுதியது. மேற்கு சஹாரா இன்றும் ஐநாவின் தன்னாட்சி பெறாத பகுதிகளின் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் நிர்வாகம் செய்யும் நாடு எது என்ற இடத்தில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. அடிக்குறிப்பாக ஸ்பெயினின் அந்தக் கடிதம்தான் சுட்டப்படுகிறது.